வன்தட்டில்லாக் கணினியில் தற்காலிகக் கோப்புகள்: நினைவகத் தட்டின் பயனும் அளவும்

கடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கணக்குப் புத்தகம் உண்டு. அன்றன்றைய வரவு செலவை அவசரத்தில் குறித்து வைப்பது சிட்டை. அதிலிருந்து ஒழுங்காகப் பெயர்த்தெழுதி ஆண்டுக்கணக்கில் காப்பது பேரேடு. பேரேட்டில் ஏறிவிட்ட பிறகு சிட்டைத் தாளைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்தாலும் கேட்பாரில்லை. கணினிக்கும் இப்படி இரண்டு உண்டு. வேலை நடக்கும்போது மட்டும் தேவைப்பட்டு, முடிந்ததும் அழிக்கப்படுவது தற்காலிகக் கோப்பு. நாம் பெயரிட்டுச் சேமிப்பது நிலையான கோப்பு. வன்தட்டே இல்லாத கணினியில் இந்தச் சிட்டையை எங்கே வைப்பது, அது மிகப் பெரிதாகிவிட்டால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்ச் சங்க மலரில் இதற்கென்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலப் பிரிவினையில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதியன்னூர், பாறசாலைப் பக்கம் பல வீடுகளில் தாத்தா படித்த தமிழ்ப் புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன. பேரப்பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். தாள் பழுத்து, விளிம்பு பொடிந்து, ஒருமுறை விரித்தால் முதுகு பிரிந்துவிடும் நிலை. அவற்றை ஸ்கேன் செய்து வைக்க நாங்கள் சிலர் முனைந்தபோது கையிலிருந்தவை வன்தட்டு பழுதான நான்கு பழைய கணினிகளும், ஓரளவு நல்ல ஒன்றும். நான் வந்தவாசிப் பக்கத்திலிருந்து இங்கே அரிசி வியாபாரத்துக்கு வந்தவன். கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். பாலிடெக்னிக் படித்த ஒரு தம்பியின் துணையோடு, கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வன்தட்டு இல்லாமல் கணினி எழுவது எப்படி?

பலரும் இது முடியாத காரியம் என்று நினைக்கிறார்கள். கணினியின் வலையட்டையிலேயே சிறு நிரல் ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனம் 1990களின் இறுதியில் வகுத்த பி.எக்ஸ்.இ. என்ற முறை அது. பொத்தானை அழுத்தியதும் அந்த நிரல், "நான் யார், என் முகவரி என்ன, எனக்கு இயங்குதளம் எங்கே கிடைக்கும்?" என்று வலையில் கேட்கும். வழங்கிக் கணினி முகவரியைக் கொடுத்து, லினக்ஸின் கெர்னலையும் அனுப்பி வைக்கும். மற்றக் கோப்புகளை வழங்கியின் வன்தட்டிலிருந்தே வலைவழியாகப் படித்துக்கொள்ளலாம். ஒரு கிணறு, நான்கு குழாய் என்பதைப் போல.

இது புதிய யோசனையன்று. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களிலேயே வன்தட்டில்லாப் பணிநிலையங்களை விற்றது. அந்நாளில் வன்தட்டின் விலை அவ்வளவு. அதற்காக அந்நிறுவனம் 1984இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்ற வலைக்கோப்பு முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. பழைய கணினிகளை இவ்வாறு பயன்படுத்த ஜிம் மெக்குவிலன் என்பவர் 1999இல் தொடங்கிய எல்.டி.எஸ்.பி. என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் பல நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2019இல் அது புதிதாக எழுதப்பட்டது. நம் கேரளத்துக்கும் கட்டற்ற மென்பொருளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தில் அரசுப் பள்ளிக் குழந்தைகள் லினக்ஸிலேயே கணினி பயின்றார்கள். 2017இல் அத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. ஆகவே நம் பக்கத்தில் லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு வேறுபாட்டை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். வன்தட்டில்லாக் கணினி இரு வகை. முதல் வகையில் நிரல்கள் எல்லாம் வழங்கியிலேயே ஓடும். நம் முன்னால் இருப்பது திரையும் விசைப்பலகையும்தான். அங்கே தற்காலிகக் கோப்புகளும் வழங்கியில்தான் விழும். இரண்டாம் வகையில் நிரல்கள் வலைவழியே வந்து நம் முன்னாலுள்ள கணினியிலேயே ஓடும். அங்கே தற்காலிகக் கோப்புக்கு இடம் அந்தக் கணினியின் நினைவகமே. நம் சிக்கல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நினைவகத்தையே தட்டாக்குதல்

நினைவகத்தில் ஒரு பகுதியை எடுத்து, அதை ஒரு தட்டு என்று இயங்குதளத்தை நம்பவைப்பதே நினைவகத் தட்டு. நிரலுக்கு வேறுபாடு தெரியாது. வழக்கம்போல் கோப்பைத் திறக்கும், எழுதும், மூடும்.

இதற்கு ஆதாரமான ஓர் ஆய்வு உண்டு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் அவர் குழுவினரும் 1985இல், யூனிக்ஸ் கணினிகளில் கோப்புகள் எப்படிப் பிறந்து எப்படி மறைகின்றன என்று கணக்கெடுத்தார்கள். புதிதாக எழுதப்படும் தகவலில் பெரும்பகுதி சில நிமிடங்களுக்குள் அழிக்கப்படுகிறது, அல்லது அதன்மேல் வேறு எழுதப்படுகிறது என்று கண்டார்கள். சில நிமிட ஆயுளுக்காகத் தட்டைச் சுழற்றி, முள்ளை நகர்த்தி எழுதுவது வீண் அல்லவா? 1990இல் பெர்க்லியின் மக்கூசிக், கேரல்ஸ், பாஸ்டிக் ஆகிய மூவரும், சன் நிறுவனத்தின் பீட்டர் ஸ்னைடரும் நினைவகத்தில் அமையும் கோப்பு முறைகளைத் தனித்தனியே விவரித்து எழுதினார்கள். ஸ்னைடர் தம் முறைக்கு வைத்த பெயர் டெம்ப்-எஃப்.எஸ். அதே பெயரில் லினக்ஸிலும் ஒன்று 2001இல் வந்த 2.4 பதிப்பில் இடம்பெற்றது.

லினக்ஸில் இதற்கு மூன்று வழிகள் உள்ளன. பழைய ராம் டிஸ்க் என்பது குறித்த அளவுள்ள ஒரு போலித் தட்டு; அதன்மேல் தனியாகக் கோப்பு முறையை அமைக்க வேண்டும். ராம்-எஃப்.எஸ். என்பது கோப்பு வளர வளரத் தானும் வளரும். ஆனால் அதற்கு உச்சவரம்பே கிடையாது, நினைவகம் முழுவதையும் விழுங்கினாலும் நிற்காது. மூன்றாவதான டெம்ப்-எஃப்.எஸ். வளரும், சுருங்கும்; உச்சவரம்பும் வைக்கலாம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் நினைவகத்தில் பாதியை வரம்பாகக் கொள்ளும்.

இந்த வரம்பைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பாதி என்றால் பாதியை முன்கூட்டியே பிடித்து ஒதுக்கி வைப்பதில்லை. கோப்பு எதுவும் இல்லையென்றால் அது எடுக்கும் இடம் மிகச் சொற்பம். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வரம்பு கொடுப்பது போலத்தான்; எடுத்தால்தான் கடன்.

பெரிய கோப்பு வரும்போது

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால், அகலத்தில் ஏறக்குறைய 4,960 புள்ளி, உயரத்தில் 7,016 புள்ளி. பெருக்கினால் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட். ஆக, சுருக்காத ஒரு பக்கம் சுமார் 104 மெகாபைட். எண்பது பக்கச் சிறு நூல் என்றால் 8 ஜிகாபைட்டைத் தாண்டும்.

எங்கள் பழைய கணினியின் நினைவகம் 2 ஜிகாபைட். பாதி வரம்பு என்றால் 1 ஜிகாபைட். ஸ்கேன் நிரல் பக்கங்களைத் தற்காலிகக் கோப்புகளாகச் சேர்த்து வைத்து, கடைசியில் ஒன்றாகக் கட்டும் வகையாக இருந்தால், ஒன்பது பத்துப் பக்கத்திலேயே "இடமில்லை" என்று நின்றுவிடும். "அப்படியானால் வரம்பை 90 விழுக்காடாக உயர்த்திவிடலாமே?" என்றார் ஒரு நண்பர். பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். அதிலுள்ள ஆபத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

வன்தட்டுள்ள கணினியில் நினைவகம் நெருக்கடியானால், அங்கே சும்மா கிடக்கும் பக்கங்களை ஸ்வாப் என்னும் தட்டுப்பகுதிக்குத் தள்ளிவிடலாம். டெம்ப்-எஃப்.எஸ். கோப்புகளும் அப்படித் தள்ளப்படும். கடையில் இடம் போதாதபோது மூட்டையைக் கிடங்குக்கு அனுப்புவது போல. வன்தட்டில்லாக் கணினிக்குக் கிடங்கே இல்லை. கோப்பும் நிரலும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஒரு கட்டத்தில் கெர்னல் வேறு வழியில்லாமல், அதிக நினைவகம் பிடித்திருக்கும் நிரலாகப் பார்த்துக் கொன்றுவிடும். கொன்ற பிறகாவது இடம் கிடைக்குமா என்றால், நிரல் பிடித்திருந்த இடம் மட்டும் கிடைக்கும். அது டெம்ப்-எஃப்.எஸ்.இல் எழுதி வைத்த கோப்புகள் அங்கேயே கிடக்கும்; யாராவது அழிக்கும்வரை நினைவகத்தை விடா. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக நிரல்கள் மடிந்து, கடைசியில் கணினி உறைந்து போவதுண்டு. "இடமில்லை" என்ற செய்தி கோபமூட்டினாலும் அது நமக்குக் காவல். வரம்பை மிகையாக உயர்த்துவது அந்தக் காவலாளியை வீட்டுக்கு அனுப்புவதாகும்.

நினைவகத் தட்டு புதிதாக இடம் எதையும் உண்டாக்கித் தருவதில்லை. இருக்கிற பணப்பையிலேயே ஒரு மடிப்பு, அவ்வளவுதான். இதை உணர்ந்தால் மற்றவை தாமே விளங்கும்.

வழிகள் சில

முதல் வழி, தற்காலிகக் கோப்பையே சிறிதாக்குவது. எண்பது பக்கத்தையும் சேர்த்து வைக்காமல், ஒரு பக்கம் எடுத்ததும் அதைச் சுருக்கி வழங்கிக்கு அனுப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது. அப்போது நினைவகத் தட்டில் எந்நேரமும் ஒன்றிரண்டு பக்கமே இருக்கும். 2 ஜிகாபைட் கணினிக்கு அது பொருட்டே அல்ல. நாங்கள் கைக்கொண்டது இந்த வழியே. செலவு காசுகூட இல்லை.

இரண்டாவது, பெரிய தற்காலிகக் கோப்பை வழங்கியின் தட்டுக்கே திருப்பிவிடுவது. யூனிக்ஸ் வழி வந்த நிரல்கள் பலவும் டி.எம்.பி.டி.ஐ.ஆர். என்ற சூழல் மாறியைப் பார்த்துத் தம் தற்காலிக இடத்தைத் தெரிந்துகொள்ளும். அதில் என்.எஃப்.எஸ். வழியாக இணைத்த ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்தால் போதும். பெரிய பட்டியல்களை அகரவரிசைப்படுத்தும் சார்ட் நிரலுக்கு, டி என்ற பெரிய எழுத்துத் தெரிவைக் கொண்டு தனியாகவும் இடம் சொல்லலாம். இதன் விலை வேகம். விநாடிக்கு 100 மெகாபிட் செல்லும் பழைய வலையில் அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போகும். ஒரு பக்கத்துக்கு எட்டு விநாடிக்கு மேல் ஆகும். நான்கு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் அரை நிமிடத்தைத் தாண்டும். ஜிகாபிட் வலையில் ஒரு பக்கம் ஒரு விநாடிக்குள் போய்விடும். ஆகவே பணம் இருந்தால் முதலில் ஜிகாபிட் ஸ்விட்சும் நல்ல கம்பியும் வாங்குங்கள். கணினியின் வலையட்டையும் ஜிகாபிட்டுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, வலைவழியாக ஸ்வாப் கொடுப்பது. வழங்கியின் தட்டில் ஒரு பகுதியை என்.பி.டி. என்ற முறையால் இந்தக் கணினியின் ஸ்வாப்பாகக் காட்டலாம். 2012இல் வந்த லினக்ஸ் 3.6 முதல் என்.எஃப்.எஸ். மேலும் ஸ்வாப் வைக்க வழி பிறந்தது. ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. நினைவகம் தீர்ந்துபோகும் நேரத்தில் பக்கத்தை வலையில் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கே கொஞ்சம் நினைவகம் வேண்டும். கடனடைக்கப் போகப் பஸ் காசு இல்லாதவன் நிலை! கம்பி பிடுங்கிக்கொண்டாலோ, வழங்கி நின்றாலோ இந்தக் கணினியும் நிற்கும். அவசரத்துக்கு இருக்கட்டும், அன்றாடப் பாரத்தை இதன்மேல் ஏற்ற வேண்டாம்.

நான்காவது, இசட்-ராம். 2014இல் வந்த லினக்ஸ் 3.14 பதிப்பில் இது முழுத்தகுதி பெற்றது. நினைவகத்தின் ஒரு பகுதியில் பக்கங்களைச் சுருக்கி மடித்து வைக்கிறது. எழுத்தும் எண்ணும் நிறைந்த தகவல் நன்றாகச் சுருங்கும். ஏற்கெனவே ஜேபெக்காகச் சுருக்கப்பட்ட படம் மேலும் சுருங்காது; பிழிந்த துணியை மறுபடி பிழிவது போலத்தான்.

ஐந்தாவது, ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டிவிடுவது. "அப்புறம் வன்தட்டில்லாக் கணினி எங்கே?" என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாள் முழுக்கப் பெரிய கோப்புகளோடு மல்லுக்கட்டும் ஒரே ஒரு கணினிக்கு அதுதான் சிக்கனம். கொள்கைக்காகக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

எது தற்காலிகம்?

இதுவரை இடத்தைப் பற்றிப் பேசினேன். இழப்பைப் பற்றி இனி. நினைவகத் தட்டில் உள்ளது மின்சாரம் போனால் போயிற்று. மழைக்காலத்தில் நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, வழங்கிக்கு யூ.பி.எஸ். இருந்தாலும் நான்கு கணினிக்கும் இருப்பதில்லை.

யூனிக்ஸ் மரபில் தற்காலிகக் கோப்புறை இரண்டு. டி.எம்.பி. என்பது கணினியை மறுபடி எழுப்பும்போது காலியாகலாம். வார் கோப்புறைக்குள் இருக்கும் டி.எம்.பி. என்பது மறுபடி எழுந்த பிறகும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வன்தட்டில்லாக் கணினியில் ஒரு மயக்கம் உண்டு. வழங்கியிலிருந்து வரும் இயங்குதளம் படிக்க மட்டுமே. அதன்மேல் நாம் எழுதுவதெல்லாம், கண்ணாடிமேல் விரித்த மெல்லிய தாளில் எழுதுவது போல, நினைவகத்தில் ஓர் அடுக்கில் ஏறும். இரண்டாவது தற்காலிகக் கோப்புறையும் அந்த அடுக்கில்தான் இருக்கக்கூடும். சேமித்தோம் என்று தோன்றும். மறுநாள் பார்த்தால் இராது. பயனரின் வீட்டுக்கோப்புறை வழங்கியின் உண்மையான தட்டில் இருக்கிறதா என்று முதல்நாளே சோதிக்க வேண்டும். சோதனை எளிது: ஒரு சிறு கோப்பை எழுதுங்கள், அது வழங்கியில் தெரிகிறதா என்று பாருங்கள், பிறகு கணினியை அணைத்து எழுப்பி மறுபடியும் பாருங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஸ்கேன் நிரலின் கண்ணில் மூலப்படம் ஒரு தற்காலிகக் கோப்பு, இறுதிப் பி.டி.எஃப். வந்ததும் அழிக்க வேண்டியது. நம் கண்ணில் அப்படியா? பொடியும் நிலையிலுள்ள புத்தகத்தை இரண்டாம் முறை விரிக்க முடியாது. அந்தப் படம்தான் இனிப் புத்தகம். மென்பொருள் சிட்டை என்று சொல்வது நமக்குப் பேரேடு. ஆகவே எதை நினைவகத்தில் விடலாம் என்பதற்கு அளவு மட்டும் அளவுகோல் ஆகாது. இதை மீண்டும் உண்டாக்க முடியுமா என்று கேட்க வேண்டும். முடியும் என்றால், எவ்வளவு நேரத்தில்? சுருக்கும்போதும் திருத்தும்போதும் வரும் இடைநிலைப் படங்கள் போனால் சில நிமிடம் நட்டம். அவை நினைவகத்தில் இருக்கட்டும். மூலப்படமோ எடுத்த கையோடு வழங்கியின் தட்டில் இறங்கிய பிறகே பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

இதே மறதி சில இடங்களில் நன்மையாகவும் இருக்கும். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பட்டா என்று ஊரார் ஆவணங்களை நகல் எடுத்துத் தரும் கடைகளைப் பாருங்கள். அந்தக் கணினிகளில் எத்தனை பேருடைய நகல் அழியாமல் கிடக்கும்! ஸ்வாப்பும் வன்தட்டும் இல்லாமல், நினைவகத் தட்டிலேயே வேலை செய்யும் கணினியில், இரவு கடை அடைக்கும்போது பொத்தானை அணைத்தால் அந்தக் கணினியில் நகல் எதுவும் மிஞ்சாது.

இது வன்தட்டில்லாக் கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமான செய்தி என்று எண்ண வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, டி.எம்.பி. கோப்புறையை இயல்பாகவே நினைவகத்தில் வைக்கிறது. வரம்பு, நினைவகத்தில் பாதி. புதிதாக நிறுவினால், அங்கே பத்து நாளைத் தாண்டிய கோப்புகளைத் தானே கழிக்கும். வார் கோப்புறையில் உள்ளதற்கு முப்பது நாள் தவணை. டி.எம்.பி.இல் போட்டு வைத்து அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கும் பழக்கத்தை வன்தட்டு உள்ளவர்களும் விட்டுவிட வேண்டும்.

நம் பக்கத்தில் வாசகசாலையோ, பள்ளியோ, சங்கமோ பழைய கணினிகளை இவ்வாறு உயிர்ப்பிக்க நினைத்தால், இளைஞர்கள் முதலில் ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போட்டு எழுதட்டும்: என்ன கோப்பு, எவ்வளவு பெரிது, போனால் திரும்ப வருமா? சிறியதும் திரும்ப வரக்கூடியதும் நினைவகத்துக்கு. பெரியதும் திரும்ப வரக்கூடியதும் வழங்கியின் தற்காலிக இடத்துக்கு. திரும்ப வராதது, சிறிதோ பெரிதோ, உடனே வழங்கியின் நிலையான தட்டுக்கு. அதற்கு மறுபிரதி இன்னொரு வீட்டில். பரணில் உள்ள புத்தகங்களுக்கு நாள் அதிகமில்லை. அடுத்த மழைக்கு முன் தொடங்குவது நல்லது.